மணல் அள்ளிய பள்ளம் நீர்நிலை ஆகுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

வேலூரைப் பற்றிப் பழைய கேலிப் பேச்சு ஒன்று உண்டு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று அடுக்கிச் சொல்வார்கள். முதற்குறை 1981ஆம் ஆண்டில் நீங்கிற்று. அவ்வாண்டில்தான் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் ஆலயத்தில் லிங்கம் மீண்டும் எழுந்தருளியது. ராஜாக்களின் காலமே முடிந்துவிட்டபடியால் இரண்டாவது குறையை எவரும் பொருட்படுத்துவதில்லை. மூன்றாவது குறைதான் இன்னும் நம்மை விட்டபாடில்லை. பாலாற்றுப் பாலத்தின்மேல் பேருந்து செல்லும்போதெல்லாம் கீழே எட்டிப் பார்க்கிறோம். பெரும்பாலான நாட்களில் மணலும் வேலிக்காத்தான் புதரும்தான் கண்ணில் படுகின்றன. பல இடங்களில் இப்போது மணலும் இல்லை. பள்ளங்களே மிஞ்சியிருக்கின்றன.

அப்பள்ளங்களை என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. எங்கள் ஊர் ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஊருக்கும் ஆற்றுக்கும் இடையே, முன்பு தென்னந்தோப்பாக இருந்த நிலத்தில், ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்பில் ஒரு பெரும்பள்ளம் உள்ளது. ஆழம் இருபது அடி இருக்கும். மணலும் கிராவலும் எடுத்த பின் அப்படியே விட்டுச் சென்றது அது. கடந்த அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. குப்பையைக் கொட்டி மூடிவிடலாம் என்றனர் சிலர். ஏரியாக்கி மீன் விடலாம் என்றனர் வேறு சிலர். அப்போது பெரியவர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "காலேஜ் படிக்கிற பொண்ணு நீ. நீயே சொல்லும்மா, மூடலாமா, ஏரி ஆக்கலாமா?" என்று கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். செல்லின் அமைப்பைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் குறித்திருப்பேன். இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன் தாத்தா" என்று கூறி உட்கார்ந்துவிட்டேன். அதன்பின் நம் துறைப் பேராசிரியர்களைக் கேட்டும், நூலகத்தில் தேடியும், பள்ளத்தைப் பலமுறை சுற்றி வந்தும் அறிந்தவற்றைச் சக மாணவர்கள் முன் வைக்கிறேன்.

ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்பள்ளத்திலிருந்து லாரிகளுக்கு மணல் அள்ளிப் போட்ட கூலியாட்களில் என் அப்பாவும் ஒருவர். நான் பால்வாடிக்குப் போன காலத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தக் கூலியில்தான். பின்னர் அவர் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஆகவே நான் யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி இதை எழுதவில்லை.

மணலே தொட்டி

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றுகிறது. அம்மாநிலத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடி, வயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். ஆண்டில் சில நாட்கள் மட்டுமே மேலே நீரோடும் இந்த ஆற்றை நம்பி இத்தனை ஊர்கள் எவ்வாறு எழுந்தன என்ற ஐயம் எவருக்கும் தோன்றும். இதற்கு விடை மணலுக்குள் இருக்கிறது.

நம் வட்டாரத்தில் ஆற்றின் இருபுறமும் பாறை நிலம். பாறையின் வெடிப்புகளில் தங்கும் நீர் சொற்பமே. மாறாக, ஆற்றையொட்டிய மணற்படுகை ஒரு பெரிய கடற்பஞ்சு போன்றது. மணல் துகள்களின் இடையே உள்ள வெற்றிடம் முழுவதையும் மழைக்காலத்தில் நீர் நிரப்புகிறது. இந்நீரில் ஒரு பகுதி துகள்களை ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். எஞ்சியது கிணற்றுக்கு வரும். நல்ல ஆற்று மணலில், மணலின் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர் இவ்வாறு நமக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் கனத்துக்கு மணல் இருந்தால் அதன் பருமன் 10,000 கனமீட்டர். அதிலிருந்து கிடைக்கும் நீர் 2,000 கனமீட்டர், அதாவது 20 லட்சம் லிட்டர்.

இந்தத் தொட்டிக்கு மூடியும் உண்டு. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நம்மைப் போன்ற வெப்பப் பகுதியில் ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை நீர் ஆவியாகிவிடும். மணலுக்குள் நீர்மட்டம் இரண்டடி கீழே இறங்கிவிட்டாலோ, ஆவியாதல் திறந்த நீரில் நிகழ்வதில் பத்தில் ஒரு பங்களவுக்குக் குறைந்துபோகும். மேலேயுள்ள உலர்ந்த மணல் வெயிலைத் தடுத்துவிடுகிறது. என் ஆயா சிறுமியாக இருந்த காலத்தில் சித்திரை வெயிலிலும் ஆற்றில் முழங்கை ஆழம் தோண்டி, ஊறிவந்த நீரைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பியதாகச் சொல்வார். பெரியவர்கள் ஊற்றுக்கால்வாய் வெட்டி, இதே மணல் நீரை வயலுக்கும் கொண்டுபோயினர். மேலே வறண்டு கிடந்த ஆறு உள்ளே நிறைந்திருந்தது.

இக்கணக்கை மணல் வியாபாரத்தின் அளவைக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரு யூனிட் மணல் என்பது 100 கனஅடி. அதில் தங்கிக் கிணற்றுக்கு வரக்கூடிய நீர் சுமார் 560 லிட்டர். மொட்டை மாடியில் வைக்கும் 500 லிட்டர் தொட்டி ஒன்றைவிடச் சற்று அதிகம். மூன்று யூனிட் ஏற்றிய லாரி மூன்று தொட்டிகளை ஏற்றிச் செல்கிறது. அத்தொட்டிகள் ஆண்டுதோறும் தாமே நிரம்பக் கூடியவை. இதை ஓர் இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு நாளைக்கு எத்தினி லோடுன்னு எண்ணுவோம். தண்ணிய யாரும் எண்ணலியே" என்றார்.

பசித்த நீர்

மணல் எடுப்பதால் தொட்டி சிறுத்துப்போவது ஒரு கேடு. ஆற்றின் நடை மாறிவிடுவது மற்றொரு கேடு. ஓடும் ஆறு எப்போதும் மணலைச் சுமந்துகொண்டே செல்லும். வழியில் ஒரு பெரும்பள்ளம் குறுக்கிட்டால் சுமையை அதில் இறக்கிவிடும். சுமை இழந்த நீரை, அமெரிக்க அறிஞர் கோண்டால்ஃப் 1997ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் 'பசித்த நீர்' என்று அழைத்தார். பசித்த நீர் பள்ளத்துக்குக் கீழே உள்ள படுகையையும் கரையையும் அரித்துத் தன் சுமையைத் தேடிக்கொள்ளும். அதே வேளையில் பள்ளத்தின் மேல்விளிம்பு இடிந்து இடிந்து மேல்நோக்கி நகரும். ஓரிடத்தில் தோண்டிய குழியின் விளைவு பல பர்லாங்கு தூரத்துக்கு மேலும் கீழும் பரவும். பாலத்தூண்களின் அடி வெளியே தெரிவதும், கரையோரக் கிணறுகளில் நீர் இறங்குவதும் இதன் அடையாளங்கள்.

பாலாற்றில் வெள்ளமே வராது என்று எண்ணுவோரும் உளர். 1903 நவம்பரில் வாணியம்பாடியில் புகுந்த வெள்ளத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். 2021 நவம்பரில் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கனஅடி நீர் வாலாஜா அருகேயுள்ள அணைக்கட்டைக் கடந்து சென்றது. அடுத்த மாதமே, பாலாற்றின் கிளையாகிய பொன்னையாற்றில் ரயில் பாலத்தின் தூண் சேதமுற்று, பல ரயில்கள் நிறுத்தப்பட்டன. ஆகவே ஆற்றுக்குள்ளும் ஆற்றை ஒட்டியும் நாம் எதைச் செய்தாலும், என்றேனும் ஒருநாள் வரப்போகும் வெள்ளத்தை மனத்தில் வைத்தே செய்ய வேண்டும்.

பள்ளங்கள் இருவகை

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். ஆற்றுப் படுகைக்குள்ளேயே தோண்டிய பள்ளம் ஒருவகை. ஆற்றுக்கு வெளியே, கரையோரப் பட்டா நிலத்தில் பழைய ஆற்றுப் படிவைத் தோண்டிய பள்ளம் மற்றொரு வகை.

முதல்வகையை ஏரியாக்க முயல்வது வீண். அடுத்த பெருவெள்ளம் நம் வேலையை அழித்துவிடும். அங்குச் செய்யத்தக்கது ஒன்றே: தோண்டுவதை நிறுத்திவிட்டு, ஆறு தன் மணலால் தன் காயத்தை ஆற்றிக்கொள்ள விட்டுவிடுவது. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் ஆற்று மணல் எடுக்கும் பொறுப்பை அரசே ஏற்றது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016இலும் 2020இலும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆண்டுதோறும் ஆறு எவ்வளவு மணலைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்று அளக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். வரவை அறிந்தால்தான் செலவுக்கு வரம்பு கட்ட முடியும். வீட்டுக் கணக்குப் பார்க்கும் நம் அன்னையர்க்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வகைப் பள்ளத்தை நீர்நிலையாக்குவது இயலும். அயல்நாடுகளில் புகழ்பெற்றவை யாவும் இவ்வகையே.

அயல்நாட்டுச் சான்று

இங்கிலாந்தில் லண்டனுக்குத் தெற்கே செவனோக்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கு டேரன்ட் என்ற சிற்றாற்றை ஒட்டிய சரளைப் பள்ளங்களைப் பறவைகளின் புகலிடமாக்கும் பணி 1956ஆம் ஆண்டில் தொடங்கியது. முன்னின்று செய்தவர் ஜெஃப்ரி ஹாரிசன் என்ற மருத்துவர். வாத்துகள் எந்தெந்தச் செடிகளின் விதையை உண்கின்றன என்று அறிய, வேட்டையில் சுடப்பட்ட வாத்துகளின் இரைப்பையை அறுத்துச் சோதித்தார். எந்த விதைகள் அதில் இருந்தனவோ அந்தச் செடிகளையே பள்ளத்தின் கரையில் நட்டார். ஆழமான செங்குத்துக் கரைகளைச் சரித்து, ஆழமற்ற ஓரங்களையும் தீவுகளையும் அமைத்தார். பறவைகள் தாமே வந்தன.

நாட்டிங்காம் அருகே டிரென்ட் ஆற்றங்கரையிலுள்ள ஆட்டன்பரோவில் 1929 முதல் சரளை தோண்டினர். அப்பள்ளங்கள் 1966இல் இயற்கைக் காப்பகமாகத் திறக்கப்பட்டன. இங்கிலாந்தில் முன்பு கூடு கட்டாதிருந்த பட்டாணி உப்புக்கொத்தி என்ற சிறு பறவை 1938இல் முதன்முதலாக அந்நாட்டில் குஞ்சு பொரித்தது. பின்னர் அது நாடெங்கும் பரவியதற்குச் சரளைப் பள்ளங்களே பெரிதும் காரணம். வெறும் கூழாங்கல் தரையில் முட்டையிடுவது அதன் இயல்பு. அதே பறவை நம் நாட்டு ஆற்று மணலிலும் முட்டையிடுகிறது. அங்கே தோண்டியதால் அதற்கு வீடு கிடைத்தது. இங்கே தோண்டினால் அதன் வீடு போய்விடுகிறது. ஓரிடத்துக்குப் பொருந்தும் பாடம் மற்றோரிடத்துக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிட்டவில்லை.

இன்னொரு வேறுபாடு தட்பவெப்பம். இங்கிலாந்தின் மெல்லிய வெயிலில் திறந்த நீர் சிறிதளவே ஆவியாகும். நமக்கு ஆண்டு மழை ஏறத்தாழ ஒரு மீட்டர். திறந்த நீர் ஆவியாவதோ ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். வித்தியாசம் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை. இந்தப் பற்றாக்குறையை நிலத்தடி நீர்தான் ஈடுகட்ட வேண்டும். எங்கள் மூன்று ஏக்கர் பள்ளம் முழுவதையும் திறந்த நீராக வைத்தால், ஆண்டுக்கு 60 லட்சம் முதல் 1 கோடியே 20 லட்சம் லிட்டர் வரை சுற்றுக் கிணறுகளின் நீர் வானத்துக்குப் போய்விடும். ஏரி என்றாலே நீர்ச் சேமிப்பு என்று நான் எண்ணியிருந்தேன். வெள்ள நீரும் மழை நீரும் வந்து சேராத ஏரி நீரைச் செலவழிக்கும் என்பதை இக்கணக்குப் போட்ட பின்பே உணர்ந்தேன்.

நம் நாட்டுச் சான்றுகள்

மனிதன் வெட்டிய பள்ளம் உயிர்கள் வாழும் ஈரநிலமாவது நமக்குப் புதிதன்று. நம் ஏரிகள் யாவும் மனிதன் அமைத்தவையே. 1858இல் கட்டப்பட்ட பாலாற்று அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல், ஒரு சிறு பாசன ஏரிதான். அங்குப் பறவைகளைச் சுடாமல் காக்கும் உரிமையை ஊரார் 1798ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கலெக்டரிடம் எழுதி வாங்கினர். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பும் கருவேலமும் பறவைகளுக்குக் கட்டில். பறவைகளின் எச்சம் கலந்த நீர் உழவர்க்கு உரம். 2022இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

கைவிட்ட குவாரி பயன்பட்டதற்கும் சான்று உண்டு. 2017ஆம் ஆண்டுக் கடும் வறட்சியில், மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் கிடந்த பழைய கல்குவாரிகளின் நீரைச் சோதித்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து, சென்னை நகருக்கு வழங்கினர். ஆனால் அவை பாறைக் குழிகள். நீர் பாறைக்குள் எளிதில் இறங்காது. எங்கள் பள்ளம் மணற்குழி. அதில் விழும் எதுவும் நேரே கிணற்றுக்குப் போகும்.

நம் மாவட்டத்திலேயே மற்றொரு வழியும் காட்டப்பட்டிருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து வரும் நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. ஊரக வேலைத் திட்டத்தின் கீழ் பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடி, ஓடைகளில் சிறு தடுப்புகளும், நீரைப் பூமிக்குள் இறக்கும் உறைகிணறுகளும் அமைத்தனர். நீரைத் திறந்த வெயிலில் தேக்கி வைப்பதைவிட மண்ணுக்குள் அனுப்பி வைப்பதே நம் வெப்பத்துக்கு ஏற்றது என்பது அதன் படிப்பினை.

தோல் வட்டாரத்தின் தனிச்சிக்கல்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயரை உலகச் சந்தையில் அறியச் செய்தது தோல். என் அப்பாவுக்குச் சம்பளமும், ஷூ கம்பெனியில் தைக்கும் என் அம்மாவுக்குச் சம்பளமும் தோலினால்தான். அதன் மறுபக்கமும் நாம் அறிந்ததே. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவைப்படுகிறது என்றும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வின்படி சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு ஏற்றதன்று ஆகிவிட்டது என்றும், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதும் வேலூர் மக்கள் தொடுத்த அவ்வழக்கினாலேயே. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டது.

பள்ளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மேல்மண் ஒரு வடிகட்டி. பள்ளம் என்பது அந்த வடிகட்டியை எடுத்துவிட்ட இடம். எங்கள் பள்ளத்தின் ஒரு மூலையில் இரவு வேளைகளில் எவரோ தோல் துண்டுகளையும் கழிவு மூட்டைகளையும் கொட்டிச் செல்கின்றனர். குப்பையால் மூடிவிடலாம் என்ற யோசனையை ஏற்றால், பகலிலும் கொட்டுவார்கள். அவ்வளவே வேறுபாடு. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலை ஒன்றின் கழிவு, லட்சம் டன்னுக்கும் மேலாகப் பல ஆண்டுகள் திறந்த வெளியில் குவிந்து கிடந்து, நிலத்தடி நீரில் இறங்கியதை இவ்வட்டாரம் மறக்கலாகாது.

குரோமியம் இருவகையில் இருக்கும். தோல் பதனிடுவதில் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் பெரும்பாலும் சேற்றோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் கரைந்து ஓடும், கொடிய நஞ்சு. சம்பும் நாணலும் சேற்றைப் பிடித்து நிறுத்துவதால் முதல் வகையைத் தேக்க உதவும். ஆனால் தோலைக் கெடாமல் வைக்க இடும் சாதாரண உப்பைச் செடிகளால் நீக்க முடியாது. வெளியேறும் வழியில்லாத குளத்தில் நீர் மட்டும் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். மூன்று மீட்டர் ஆழமுள்ள நீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்பு இருந்து, ஒன்றரை மீட்டர் ஆவியானால், மிஞ்சிய நீரில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் ஆகிவிடும். ஆண்டுதோறும் உவர்நீரே உள்ளே வந்துகொண்டிருந்தால் அக்குளம் மெல்ல மெல்ல உப்பளமாகும்.

நான் பள்ளத்து நீரை ஒரு புட்டியில் எடுத்து வந்து, வேதியியல் ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசலால் குளோரைடு அளவைக் கண்டேன். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லையேல் 1,000 வரை பொறுக்கலாம் என்பது இந்திய தர நிர்ணயம். எங்கள் நீர் முதல் எல்லையைத் தாண்டியிருந்தது. இரண்டாவதைத் தொடவில்லை. இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்று அன்று ஓரளவு மகிழ்ச்சி அடைந்தேன். குரோமியத்தை நம் ஆய்வகத்தில் நம்பகமாக அளக்க இயலாது. அதை அரசு ஆய்வுக்கூடத்தில்தான் சோதிக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவது, கழிவு விழுவதை நிறுத்த வேண்டும். லாரி இறங்கும் பாதையை மண்மேடிட்டு அடைத்து, ஏற்கெனவே கொட்டிய கழிவை முறைப்படி அகற்றி, சுற்றியுள்ள கிணறுகளோடு சேர்த்து நீரையும் சேற்றையும் சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் செடி நடுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, பள்ளத்துக்கும் ஆற்றுக்கும் இடையே உள்ள கரையைப் பலப்படுத்த வேண்டும். அது உடைந்தால் ஆறே பள்ளத்துக்குள் புகுந்து தடம் மாறிவிடும். சாக்கடை கலந்த ஓடையை எக்காரணத்தாலும் பள்ளத்தோடு இணைக்கலாகாது. தெளிந்த மழைநீர், வழியில் ஒரு சிறு வண்டல் தொட்டியில் தங்கி, பின் உள்ளே வர வேண்டும்.

மூன்றாவது, பள்ளம் முழுவதையும் நீராக வைக்கக் கூடாது. பெரும்பகுதியை மாசில்லாத மண்ணாலும் மணலாலும் நிரப்பி உயர்த்த வேண்டும். இழந்த தொட்டியில் ஒரு பகுதி இதனால் திரும்பக் கிடைக்கும். அம்மேட்டில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு நீர் நின்று, கோடையில் வற்றிவிடும். வற்றுவது குறையன்று. கோடையில் வற்றாமல் நிற்கும் சம்புக்காடு தன் இலை வழியே நடத்தும் நீராவிப்போக்கு, திறந்த நீர் ஆவியாவதற்குச் சிறிதும் குறையாது. பருவத்தில் ஈரமாகி, பருவத்தில் காயும் நிலத்துக்குக் கோரையும் கொட்டிக்கிழங்கும் அல்லியும் பழகியவை.

நான்காவது, மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் ஆழமான மடு ஒன்று இருக்கட்டும். கோடையில் மீன்களுக்கும் ஆமைகளுக்கும் அதுவே அடைக்கலம். கொசுப்புழுவைத் தின்னும் நாட்டு மீன்கள் அங்குத் தப்பிப் பிழைத்து, மழைக்காலத்தில் ஓரமெல்லாம் பரவும். மடுவின் கரையைப் பத்தடி நடந்தால் ஓரடி இறங்கும் சரிவாக அமைக்க வேண்டும். இருபது அடிச் செங்குத்துக் கரையில் கால் தவறினால் நீந்தத் தெரிந்தவரும் பிடித்து ஏற வழியில்லை. எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் சிறுவர்களை அப்பக்கம் விடுவதற்கே தாய்மார் அஞ்சுகின்றனர். ஆள் நெருங்க முடியாதபடி வேலியிட்ட ஒரு பக்கத்தை மட்டும் செங்குத்தாக விட்டால், மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் அதில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும்.

ஐந்தாவது, வேலிக்காத்தானை வேரோடு அகற்றி, கரையில் கருவேலம், நாவல், புங்கம், நொச்சி முதலியவற்றை நட வேண்டும். ஆகாயத்தாமரை தலைகாட்டினால் முதல் கொத்திலேயே பிடுங்க வேண்டும். அது படர்ந்த பின் கூலி கொடுத்து மாளாது.

முடிவுரை

பள்ளத்தை நீர்நிலையாக்கலாம் என்று நான் சொன்னதும், "அப்படியென்றால் இன்னும் தோண்டலாமே, பிறகு ஏரியாக்கிக் கொள்ளலாம்" என்று எவரேனும் சொல்லக் கூடும். அப்பொருள் இதற்கு இல்லை. எவ்வளவு செவ்வனே திருத்தினாலும் எங்கள் பள்ளம், அங்கிருந்து போன மணல் வைத்திருந்த நீரை வைத்திருக்கப் போவதில்லை. உடைந்த எலும்பைக் கட்டலாம் என்பதற்காக எவரும் காலை முறித்துக்கொள்வதில்லை.

ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து நின்றேன். மூடவும் வேண்டாம், முழுவதும் ஏரியாக்கவும் வேண்டாம், முதலில் கழிவை நிறுத்திச் சோதனைக்கு மனுக் கொடுப்போம், பின் பாதிக்கு மேல் நல்ல மண்ணால் நிரப்பி மீதியில் மடு அமைப்போம் என்றேன். நான் எதிர்பார்த்த அளவு அது எளிதாக ஏற்கப்படவில்லை. நல்ல மண் எங்கிருந்து வரும், செலவு யார் தருவார் என்று கேட்டனர். நியாயமான கேள்விகள். ஏரி தூர் வாரும்போது வரும் மண்ணைக் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார். எந்த ஏரி மண் என்று சோதித்துத்தான் போட வேண்டும் என்று நான் சொன்னேன். கடைசியில் இரண்டு காரியங்கள் தீர்மானமாயின. நீர்ச் சோதனைக்கு மனு எழுதுவது ஒன்று. லாரி இறங்கும் பாதையை அடைப்பது மற்றொன்று.

மனுவை நான் எழுதினேன். பாதையை அடைத்த ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து பதினைந்து பேர் மண்வெட்டியோடு வந்தனர். அவர்களில் என் அப்பாவும் இருந்தார். மண் அள்ளிப் போடுவதில் அவருடைய கை இன்னும் பழக்கம் மாறவில்லை. மற்றவர்கள் இரண்டு கூடை போடும் நேரத்தில் அவர் மூன்று கூடை போட்டார்.

சோதனை முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும், அது எப்படி இருப்பினும், ஊராரிடம் உள்ளபடி சொல்வேன். நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் பாலாற்றங்கரை ஊர்களிலிருந்து வருபவர்களே. உங்கள் ஊரிலும் ஒரு பள்ளம் இருக்கக் கூடும். ஒரு புட்டி நீர் எடுத்து வாருங்கள். வெள்ளி நைட்ரேட் நம் ஆய்வகத்தில் இருக்கிறது.